நிலநடுக்கப் பதிவு நிலையம்: இடம் பார்ப்பதிலிருந்து முதல் பதிவைப் படிப்பது வரை

புதிதாக நிலையம் போடுகிறவர்கள் பெரும்பாலும் சென்சார் வாங்குவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கேயே வரிசை தவறிவிடுகிறது. நல்ல பதிவுக்கு முதல் காரணம் நிலம், இரண்டாவது கடிகாரம், கருவி மூன்றாவதுதான். சுமாரான ஜியோஃபோனை (நில அசைவை மின்குறியாக மாற்றும் எளிய சென்சார்) பாறைமேல் வைத்து நேரத்தைச் சரியாகப் பிடித்தால், தளர்ந்த மண்ணில் கிடக்கும், மிக மெதுவான அலைகளையும் பிடிக்கும் விலையுயர்ந்த பிராட்பேண்ட் கருவியைவிட உபயோகமான பதிவு கிடைக்கும்.

வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மென்பொருளில் உள்ள தவறை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இடத்தில் செய்த தவறைத் திருத்த வேண்டுமென்றால் குழியை மூடிவிட்டு வேறு குழிதான் தோண்ட வேண்டும். திருத்த முடியாதவற்றை முதலில் முடித்துக்கொண்டு போகும் விதமாகவே கீழே உள்ள படிகள் அமைந்திருக்கின்றன.

1. எதைப் பதியப் போகிறோம் என்று முடிவு செய்வது

நூறு கிலோமீட்டருக்குள் நடக்கும் சிறு நடுக்கங்களும் கல்குவாரி வெடிகளும் போதுமென்றால் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் போதும், 1 ஹெர்ட்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. சுமத்ராவிலோ ஜப்பானிலோ நடக்கும் பெரிய நடுக்கங்களின் மேற்பரப்பு அலைகளும் வேண்டுமென்றால் 30 அல்லது 120 விநாடி வரை கேட்கும் பிராட்பேண்ட் சென்சார் தேவை. அந்த அலைகள் ஒரு முறை ஏறி இறங்கவே 20 விநாடி எடுத்துக்கொள்ளும். 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனுக்கு அவ்வளவு மெதுவான அசைவு கிட்டத்தட்ட தெரியாது.

மூன்று அச்சு தேவையா, செங்குத்து மட்டும் போதுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒற்றை நிலையமாக இருந்தால் மூன்று அச்சும் கட்டாயம் வேண்டும். நடுக்கத்திலிருந்து முதலில் வருவது பி அலை, அதற்குப் பின் மெதுவாக வரும் எஸ் அலை கிடைமட்ட அச்சுகளில்தான் தெளிவாகத் தெரியும். செங்குத்து அச்சை மட்டும் வைத்துக்கொண்டு எஸ் அலையைக் குறிப்பது ஊகம்தான்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

சென்சார், அதன் மின்குறியை எண்ணாக மாற்றும் 24 பிட் டிஜிட்டைசர், ஜிபிஎஸ் ஆன்டெனா, 12 வோல்ட் பேட்டரி, சோலார் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், மின்னல் தடுப்பான், எர்த் கம்பி ஆகியவை எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது சில்லறைச் சாமான்கள்: வட்ட ரசமட்டம், தெர்மோகோல், சிலிக்கா ஜெல், மூடியுள்ள பெரிய நீல டிரம், எலி கடிக்காத இரும்பு உறைக் குழாய், சிலிகான் பசை, மணல் நிரப்பிய சிறு துணிப்பை. மணல்பை எதற்கென்று ஆறாவது படியில் தெரியும்.

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து எழுத்து மூலமான அனுமதி வாங்கிவிடுங்கள். பட்டா நிலமானால் உரிமையாளரிடம், காட்டுப் பகுதியானால் வனத்துறையிடம் வாங்க வேண்டும். வாய்மொழிச் சம்மதத்தை நம்பிப் போட்ட நிலையத்தின் பக்கத்தில் ஆறு மாதத்தில் போர்வெல் மோட்டார் வந்து நிற்கும்.

3. களத்துக்குப் போகும் முன் பக்கத்தில் பக்கம் வைத்துச் சோதிப்பது

ஒன்றுக்கு மேற்பட்ட நிலையம் போடுகிறீர்கள் என்றால், எல்லாச் சென்சார்களையும் ஒரே தரையில், ஒரே திசை பார்த்து, அரையடி இடைவெளியில் வரிசையாக வைத்து ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். ஒரே நிலத்தில் இருப்பதால் எல்லாமே ஒரே மாதிரி எழுத வேண்டும். எது மாறுகிறதோ அதில்தான் கோளாறு.

இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் பின்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் தவிப்பார்கள். இரண்டாம் நிலையத்தில் அலை சிறியதாக வந்தால் அது நிலத்தின் குணமா, கருவியின் குணமா? தரையில் பக்கத்தில் பக்கம் வைத்து எடுத்த ஒரு நாள் பதிவு கையில் இருந்தால் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லலாம்.

இதே நாளில் திசைக்குறியையும் பாருங்கள். நிலம் மேலே எழும்போது செங்குத்துப் பதிவும் மேலே போக வேண்டும். வடக்கே நகர்ந்தால் வடக்கு அச்சும், கிழக்கே நகர்ந்தால் கிழக்கு அச்சும் மேலே போக வேண்டும். இரண்டு கம்பிகள் மாறியிருந்தால் பதிவு தலைகீழாகிவிடும். வரிசையில் ஒன்று மட்டும் மற்றவற்றின் கண்ணாடிப் பிம்பம் போல எழுதினால், அந்தக் கேபிளின் முனையைத் திறந்து பாருங்கள்.

வெறும் ஜியோஃபோனைக் கொண்டு நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் தணிப்பைச் சரிசெய்ய வேண்டிய நேரமும் இதுதான். தயாரிப்பாளர் தாளில் சொன்ன மின்தடையைச் சுருளுக்குக் குறுக்கே இணைத்துத் தணிப்பை 0.7-க்குக் கொண்டுவாருங்கள். தணிப்பு குறைந்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் சுருள் மணி போல அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வை அலை என்று நினைத்துக் குறித்துவிடுவீர்கள்.

4. இடம் தேர்வு: மூன்று நாள் காது கொடுத்துக் கேட்பது

வரைபடத்தைப் பார்த்து இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் சென்சாரைத் தற்காலிகமாக வைத்துக் குறைந்தது மூன்று நாள் பதிவு எடுங்கள். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேலை நாளும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மனிதர்கள் எழுப்பும் இரைச்சலின் அளவு.

மனித இரைச்சல் பெரும்பாலும் 1 முதல் 20 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். உள்ளூர் நடுக்கங்களின் ஆற்றலும் அதே வீச்சில்தான். அதனால் ஃபில்டர் போட்டு இரைச்சலை மட்டும் தனியே எடுத்துவிட முடியாது. ஓடிப்போவதற்கு ஒரே வழி தூரம்.

சில இரைச்சல்களுக்குக் கைரேகை உண்டு. ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வரைபடம்) 24 ஹெர்ட்ஸ் அருகே ஊசிபோல ஒரு கோடு நின்றால் பக்கத்தில் எங்கோ பம்ப்செட் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 24. அந்தக் கோடு மின்வெட்டு நேரத்தில் மறைந்து, மின்சாரம் வந்ததும் திரும்ப வரும். 50 ஹெர்ட்ஸிலேயே கோடு இருந்தால் அது நிலத்திலிருந்து வந்ததல்ல, கேபிளுக்குள் மின்கம்பியிலிருந்து புகுந்தது. அதை எர்த்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

காற்று பலர் கவனிக்காத எதிரி. மரமும் மின்கம்பமும் காற்றில் ஆடும்போது வேர் வழியாகவும் அடித்தளம் வழியாகவும் நிலத்தை அசைக்கும். மரத்தின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரமாவது தள்ளி நில்லுங்கள். முப்பந்தல், உடுமலைப் பக்கம் போல காற்றாலைகள் நிறைந்த இடமென்றால் பல கிலோமீட்டர் விலகிப் போக வேண்டியிருக்கும். காற்றாலை எழுப்பும் அதிர்வு ஒரே அதிர்வெண்ணில் நீளமான கோடுகளாக இரவு பகலாக நிற்கும்.

பாறை கிடைத்தால் பாறைமேலேயே வையுங்கள். சார்னோகைட், கிரானைட் போன்ற கடினப் பாறை அலையைப் பெரிதாக்காமல் அப்படியே தரும். ஆற்றுப்படுகை மண்ணும் கடற்கரை மணலும் அலையை ஊதிப் பெரிதாக்கும். பதிவு பெரிதாகத் தெரிவதைப் பார்த்துப் புதியவர்கள் மகிழ்ந்துபோவார்கள், ஆனால் அதில் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகியிருக்கும்.

இரைச்சலை எண்ணால் மதிப்பிட அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பீட்டர்சன் 1993-இல் வெளியிட்ட இரண்டு வரம்புக் கோடுகளைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று மிக அமைதியான நிலத்துக்கு, மற்றொன்று மிக இரைச்சலான நிலத்துக்கு. ஆப்ஸ்பை என்ற இலவசப் பைத்தான் தொகுப்பு உங்கள் மூன்று நாள் பதிவை அந்தக் கோடுகளோடு சேர்த்து வரைந்து தரும். 1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரை உங்கள் பதிவு மேல்கோட்டைத் தாண்டிப் போனால் இடத்தை மாற்றுங்கள். குழி தோண்டும் வரை காத்திருக்க வேண்டாம்.

5. குழியும் மேடையும்

ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழம் போதும். ஆழத்தால் இரண்டு லாபம்: காற்று இரைச்சல் குறையும், இரவு பகல் வெப்ப ஏற்ற இறக்கம் சென்சாரை எட்டாது. பிராட்பேண்ட் கருவிக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஒரு டிகிரி வெப்பம் கூடினாலும் கருவியின் உள்பாகங்கள் நீளும், மேடை நுண்ணளவில் சாயும். நீண்ட அலைகள் வரவேண்டிய இடத்தில் வெயிலின் ஏற்ற இறக்கம் பதிவாகிவிடும்.

குழியின் அடியில் பாறை தெரிந்தால் மண்ணைத் துடைத்துக் கழுவிவிட்டு, அதன்மேல் நேரடியாகச் சின்னக் கான்கிரீட் மேடை போடுங்கள். சிமெண்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3 என்ற கலவை சரியாக இருக்கும். கம்பி கட்ட வேண்டாம். இரும்பு திசைகாட்டியைக் குழப்பும். மேடைக்கும், அதைச் சுற்றிக் குழிக்குள் இறக்கும் டிரம்மின் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். சுவரை மழையும் மண்ணும் தள்ளினாலும் மேடைக்கு அந்தத் தள்ளல் போய்ச் சேரக் கூடாது.

கான்கிரீட் போட்ட மறுநாளே சென்சாரை வைத்துவிடுவது மிகப் பொதுவான பிழை. கலவை இறுகும்போது சுருங்கி, நுண்ணிய விரிசல் விடும், ஒவ்வொரு விரிசலும் ஒரு தட்டல் போலப் பதிவாகும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஆற்றுங்கள். அதற்குப் பின்னும் இரண்டு வாரம் பதிவில் மெதுவான சாய்வு தெரியும், அது தானாக அடங்கும்.

டிரம்மின் மூடி தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் நிற்கட்டும். சுற்றிலும் வாய்க்கால் எடுத்து மழைநீரைத் திருப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறி வந்து காலி டிரம்மையே மிதக்கவைக்கும். அதனால் டிரம்மின் அடியை, மேடையைத் தொடாமல் அதைச் சுற்றிப் போட்ட கான்கிரீட்டில் பதித்துவிடுவது நல்லது.

6. மட்டம், வடக்கு, கேபிள்

மேடையில் வடக்குத் தெற்குக் கோடு ஒன்றை முதலில் வரையுங்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் இரண்டு டிகிரிக்குள்தான் விலகுகின்றன. பெரிய தவறு அங்கிருந்து வருவதில்லை. பேட்டரி, இரும்பு மூடி, கையிலிருக்கும் மொபைல் ஆகியவை திசைகாட்டியைப் பத்து, இருபது டிகிரி இழுத்துவிடும். குழிக்கு வெளியே, இரும்பில்லாத இடத்தில் நூல் கட்டிக் கோட்டைப் பிடித்து, அந்த நூலை அப்படியே குழிக்குள் இறக்குங்கள். நண்பகல் நிழலை வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. ஆனால் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் உச்சிக்கு நேரே வருவதால் நிழலே கிடைக்காது. மார்கழியில் செய்தால் நிழல் நீளமாக இருக்கும்.

இனி மட்டம். சென்சாரின் மூன்று கால்களையும் மேடையில் ஊன்றி, ஒரு காலைத் தொடாமல் மற்ற இரண்டை மட்டும் திருகி, குமிழியை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பூட்டுமரையை இறுக்கும்போது குமிழியையே பாருங்கள். இறுக்க இறுக்கக் கால் கொஞ்சம் மேலேறும், குமிழி மெல்ல ஓரத்துக்கு நகரும். முக்கால்வாசிப் பேர் இறுக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று பூட்டுமரைகளையும் இறுக்கிய பிறகு குமிழி நடுவில் நின்றால்தான் மட்டம் முடிந்தது.

கேபிளைச் சென்சாரிலிருந்து நேராக மேலே இழுக்காதீர்கள். மேடையிலேயே தளர்வாக ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றின்மேல் மணல்பையை வையுங்கள். வெளியே காற்றில் ஆடும் கேபிளின் இழுப்பு மணல்பையோடு நின்றுவிடும், சென்சாருக்கு வராது. விரல் தடிமனுள்ள கேபிள் குளிரில் விறைக்கும்போது கருவியையே சாய்க்கும் என்பதை இரவுப் பதிவுகளில் பார்க்கலாம்.

கடைசியாகச் சென்சாருக்குமேல் தெர்மோகோல் பெட்டியைக் கவிழ்த்து, கீழ் ஓரத்தை மேடையோடு ஒட்டிவிடுங்கள். உள்ளே காற்றோட்டம் நின்றால் நீண்ட அலை இரைச்சல் கண்கூடாகக் குறையும். டிரம்முக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, கேபிள் நுழையும் துளையைச் சிலிகானால் அடையுங்கள். எறும்புகள் கனெக்டருக்குள் குடியேறுவது அந்தத் துளை வழியாகத்தான்.

7. மின்சாரமும் மின்னலும்

சென்சார், டிஜிட்டைசர், மோடம் எல்லாம் சேர்ந்து 3 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 72 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கும். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கணக்கில் 600-ஐ மட்டும் எடுங்கள். வெயிலே இல்லாமல் எட்டு நாள் தாங்கும்.

பேனலைக் கோடையை வைத்துக் கணக்கிடாதீர்கள். அடைமழை வாரத்தில் நாளைக்கு இரண்டு மணி நேர வெயிலுக்குச் சமமான வெளிச்சம்தான் வரும் என்று கொள்ளுங்கள். இழப்பு முப்பது சதவீதம். 72-ஐ 1.4-ஆல் வகுத்தால் 51 வாட். 75 அல்லது 100 வாட் பேனல் வாங்குங்கள். அதைச் சென்சார் குழியிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நடுங்கள், பேனலும் காற்றில் ஆடும் பொருள்தான்.

மின்னல் நேரடியாக விழாவிட்டாலும் அருகில் விழுந்தாலே நீண்ட கேபிளில் மின்னழுத்தம் பாயும். கேபிளின் இரண்டு முனையிலும் தடுப்பான் வேண்டும். எர்த் ஒரே இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். சென்சார் பக்கம் ஒன்று, டிஜிட்டைசர் பக்கம் ஒன்று என்று இரண்டு எர்த் போட்டால் அவற்றுக்கிடையே மின்னோட்டம் ஓடி, முன்பு சொன்ன அந்த 50 ஹெர்ட்ஸ் கோட்டை உண்டாக்கும்.

8. கடிகாரம்

பி அலை மேலோட்டுப் பாறையில் விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் போகும். கடிகாரம் ஒரு விநாடி தவறினால் இடக்கணிப்பில் 6 கிலோமீட்டர் தவறு, பத்தில் ஒரு விநாடி தவறினால் 600 மீட்டர். ஜிபிஎஸ் இருந்தால் மைக்ரோவிநாடி அளவில் நேரம் கிடைக்கும். இணைய நேரத்தை நம்பினால் சில பத்து மில்லிவிநாடி வரை விலகும், மொபைல் இணைப்பு மோசமான இடத்தில் அதைவிட அதிகம். தனி நிலையத்துக்கு அது பரவாயில்லை, வலையமைப்புக்கு ஆகாது.

ஆன்டெனாவுக்கு வானம் திறந்திருக்க வேண்டும். குழிக்குள் வைத்துவிட்டு "காலையில் லாக் ஆனதே" என்பார்கள். செயற்கைக்கோளோடு ஒரு முறை லாக் ஆனால் போதாது. பதிவுக் கோப்பில் கடைசியாக எப்போது லாக் ஆனது, எத்தனை மைக்ரோவிநாடி திருத்தம் நடந்தது என்று வரும் வரிகளை வாரம் ஒரு முறை படியுங்கள்.

எல்லாப் பதிவும் யுடிசி (உலகப் பொது) நேரத்திலேயே இருக்கட்டும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. யாராவது ஒருவர் கணினியை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டால், காலை ஐந்தரைக்கு முன் நடந்த நடுக்கம் வேறு தேதிக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

9. மாதிரி வீதம், பெருக்கம், மெட்டாடேட்டா

விநாடிக்கு 100 மாதிரி (அளவெடுப்பு) என்பது உள்ளூர் நடுக்கங்களுக்குப் பொருத்தமானது. மூன்று அச்சுக்கும் சேர்த்து, சுருக்காமல் ஒரு நாளைக்குச் சுமார் 104 மெகாபைட் வரும். நிலநடுக்கப் பதிவுகளுக்கான மினிசீட் கோப்பு வடிவத்தில் சுருக்கினால் நிலம் அமைதியாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும்.

டிஜிட்டைசரின் பெருக்கத்தை (மின்குறியை எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை) ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே வையுங்கள். 24 பிட், 40 வோல்ட் முழுவீச்சு என்றால் ஒரு வோல்ட்டுக்கு 419430 கவுண்ட் (டிஜிட்டைசர் எழுதும் எண்ணின் ஒரு படி). விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 28 வோல்ட் தரும் ஜியோஃபோனை இதில் மாட்டினால், ஒரு கவுண்ட் என்பது விநாடிக்கு 85 நானோமீட்டர். அமைதியான பாறையில் நிலம் அசைவதே விநாடிக்குச் சில பத்து நானோமீட்டர்தான். ஆகவே பதிவு படிக்கட்டு போல ஒரு கவுண்ட், இரண்டு கவுண்ட் என்று ஏறி இறங்கும். பெருக்கத்தை 32 ஆக்கினால் ஒரு கவுண்ட் 2.7 நானோமீட்டருக்கு வந்துவிடும், நிலத்தின் உண்மையான அசைவு தெரியும். பிராட்பேண்ட் சென்சார் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு ஆயிரம் வோல்ட் என்ற அளவில் தருவதால் அதற்குப் பெருக்கம் 1 போதும்.

இந்த எண்களை எல்லாம் அன்றே நிலைய விவரங்களுக்கான (மெட்டாடேட்டா) ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுங்கள்: உணர்திறன், பெருக்கம், தணிப்பு, வரிசை எண், இடம், உயரம், அச்சுகளின் திசை, தொடங்கிய தேதி. பிறகு எதையாவது மாற்றினால் பழைய பதிவை அழிக்காமல் முடிவுத் தேதி போட்டு, புதிய பகுதியைச் சேருங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதிய மெட்டாடேட்டாவால் ரிக்டர் அளவில் வரும் பிழையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெருக்கம் 32-ஐ 1 என்று எழுதினால் அளவு 1.5 வரை மாறிப்போகும்.

10. முதல் வாரத்தில் சரிபார்ப்பது

கடல் உங்களுக்கு இலவசமாகத் தரும் சோதனை ஒன்று உண்டு. அலைகள் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் நுண்ணதிர்வு 3 முதல் 10 விநாடி வரையிலான பகுதியில் ஒரு மேடாகத் தெரியும். வங்கக்கடலில் புயல் உருவாகும்போது அந்த மேடு உயரும். பிராட்பேண்ட் பதிவில் இந்த மேடு தெரியவில்லை என்றால் சென்சார் இயங்கவில்லை அல்லது அதன் உள்ளே ஆடும் எடையின் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, வேறொரு நம்பகமான நிலையத்தோடு ஒப்பிடுவது. இலங்கையில் பல்லேகலவில் உள்ள உலகளாவிய வலையமைப்பு நிலையத்தின் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. சுமத்ராவின் வடமுனையில் பெரிய நடுக்கம் நடந்தால் பி அலை சென்னையை எட்டச் சுமார் 4 நிமிடம் ஆகும். பல்லேகல நிலையத்தில் வந்த நேரத்தையும் உங்கள் நேரத்தையும் தூரக் கணக்கோடு ஒப்பிட்டால் கடிகாரம் சரியா என்பது தெரிந்துவிடும். அதே அலையின் முதல் அசைவு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூன்று அச்சிலும் பார்த்தால் உங்கள் வடக்குக் கோடும் சரிபார்க்கப்படும்.

11. முதல் பதிவைப் படிப்பது

பி அலைக்கும் எஸ் அலைக்கும் நடுவிலுள்ள விநாடிகளை 8.4-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். பி 6, எஸ் 3.5 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் வரும் எண் இது. 12 விநாடி இடைவெளி என்றால் நூறு கிலோமீட்டர். இந்த இடைவெளிக்குக் கடிகாரம் உலக நேரத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, இரண்டு அலைக்கும் ஒரே கடிகாரம் என்பதால் பிழை தானே கழிந்துவிடும்.

தமிழ்நாட்டில் நிலையம் போட்டால் முதலில் சிக்குவது பெரும்பாலும் நடுக்கமாக இருக்காது, கல்குவாரி வெடியாகத்தான் இருக்கும். பகல் நேரம், ஏறக்குறைய ஒரே மணிக்கு, ஒரே திசையிலிருந்து வரும். வெடி எல்லாப் பக்கமும் நிலத்தை வெளியே தள்ளுவதால், எந்த நிலையத்தில் பார்த்தாலும் செங்குத்து அச்சின் முதல் அசைவு மேல்நோக்கி இருக்கும். எஸ் அலை மங்கலாக இருக்கும், பின்னால் நீண்ட அலை உருண்டு வரும். நடுக்கத்தில் சில நிலையங்களில் மேலேயும், சிலவற்றில் கீழேயும் முதல் அசைவு வரும்.

தானியங்கிக் கண்டுபிடிப்பு, சற்றுமுன் வந்த அசைவின் குறுகிய சராசரியை நீண்ட நேரச் சராசரியால் வகுத்துப் பார்க்கும். அதற்குக் குறுகிய சராசரி 1 விநாடி, நீண்ட சராசரி 30 விநாடி, விகிதம் 3.5-இல் தொடக்கம், 1.5-இல் முடிவு என்று தொடங்குங்கள். முன்னதாக 2 முதல் 10 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போடுங்கள். ஒரே நிலையத்தில் இது லாரியையும் நடுக்கமென்று சொல்லும். மூன்று நிலையங்கள் ஒரே நேரத்தில் சொன்னால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கவுண்ட்டை நில அசைவாக மாற்றும்போது, 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனின் பதிவை 0.1 ஹெர்ட்ஸ் வரை இழுத்து மீட்டெடுக்கப் பார்க்காதீர்கள். கருவி கேட்கவே இல்லாத பகுதியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்குவதால், மின்னணு இரைச்சலே பெரிய அலைபோல எழுந்து நிற்கும். 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

இடக்கணிப்புக்குக் குறைந்தது நான்கு நிலையங்கள் தேவை. தூரத்தை ஆரமாக வைத்து மூன்று வட்டம் வரைந்தால் இடம் வரும், ஆழம் வராது. ஆழம் சரியாக வர, ஒரு நிலையமாவது நடுக்கத்தின் ஆழத்துக்கு ஏறத்தாழச் சமமான தூரத்துக்குள் இருக்க வேண்டும். 10 கிலோமீட்டர் ஆழத்து நடுக்கத்தை 60 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையங்களைக் கொண்டு அளந்தால் கணினி ஏதோ ஒரு ஆழத்தைச் சொல்லும், அதை நம்ப வேண்டாம்.

12. எரிமலைக்கும் பனிச்சரிவுக்கும் என்ன மாற வேண்டும்

எரிமலையில் நான்கு வகைக் குறிகள் வரும். பாறை உடையும் குறியில் பி, எஸ் இரண்டும் தெளிவாக, 5 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். திரவமும் வாயுவும் விரிசலில் ஓடும் குறி 0.5 முதல் 5 ஹெர்ட்ஸ் வரை மெல்ல எழும், எஸ் தெரியாது. தொடர் நடுக்கம் மணிக்கணக்கில் ஓயாமல் ஓடும். பாறை உருளல், நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்த வடிவத்தில் வரும். இரண்டாவதையும் மூன்றாவதையும் தனித்தனியாகக் குறிக்க முடியாதபோது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வீச்சின் சராசரியை எடுத்து வரைவதே கைகொடுக்கும். 1991-இல் பினடூபோ எரிமலையில் இந்தச் சராசரிக் கோடு முக்கியமான கருவியாக இருந்தது.

வாய்க்கு அருகில் இருக்கும் நிலையமே சிறியவற்றைக் கேட்கும், ஆனால் முதலில் அழிவதும் அதுதான். 2, 5, 10 கிலோமீட்டர் என்று அடுக்காக வையுங்கள். பேனலைச் செங்குத்தாகச் சாய்த்தால் சாம்பல் வழுக்கி விழும். கந்தக வாயு செம்புக் கனெக்டர்களை ஒரு பருவத்திலேயே அரித்துவிடும், கிரீஸ் பூசி இறுக்கிச் சுற்றுங்கள். இந்தியாவில் எரிந்துகொண்டிருக்கும் ஒரே எரிமலையான அந்தமானின் பாரன் தீவு போன்ற இடத்தில் திரும்பித் திரும்பிப் போக முடியாது. எனவே மின்சாரக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பனிச்சரிவில் பி, எஸ் கிடையாது. சத்தம் மெல்ல எழுந்து, வயிறு பெருத்து, மெல்ல அடங்கும். சரிவு நிலையத்தை நெருங்க நெருங்க உயர் அதிர்வெண்ணும் சேர்ந்துகொள்வதால் ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படம்) சாய்ந்த விளிம்பு தெரியும். 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் பாறையும் பனியுமாகச் சுமார் 2.7 கோடி கனமீட்டர் சரிந்து ரிஷிகங்கா வழியே இறங்கியது. நிலநடுக்கத்துக்காகப் போட்டிருந்த நிலையங்களிலேயே அது பதிவானது.

தூள் பனிச்சரிவுக்கு, காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியைப் பிடிக்கும் அகஒலி வரிசையும் சேர்த்து வையுங்கள். நூறு மீட்டர் அகலத்தில் நான்கு சென்சார் போதும். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 0.3 விநாடி ஆகும், அந்த நேர வித்தியாசத்திலிருந்து திசை வரும். சரிவு இறங்க இறங்கத் திசை நகரும், இடிக்கும் வெடிக்கும் அப்படி நகராது. ஹெலிகாப்டர் நகரும், ஆனால் அதன் விசிறி ஸ்பெக்ட்ரத்தில் கோடு கோடாகத் தெரியும். ஈரப் பனிச்சரிவு அதிக ஒலி எழுப்பாது, அதற்கு நிலத்து ஜியோஃபோனே துணை. குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு மைனஸ் 20 டிகிரியில் பாதியளவுக்கு இறங்கும், காலியான பேட்டரி உறைந்து வெடிக்கும். பேட்டரியைப் பனிக்கு அடியில் புதையுங்கள், பேனலைச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

13. பராமரிப்பு

மாதம் ஒரு முறை பேட்டரியின் இரவு மின்னழுத்தம், ஜிபிஎஸ் வரிகள், மூன்று அச்சின் இரைச்சல் வரைபடம் ஆகியவற்றைச் சென்ற மாதத்தோடு வைத்துப் பாருங்கள். ஓர் அச்சின் இரைச்சல் மட்டும் மாறினால் மட்டம் தவறியிருக்கும். மூன்றும் சேர்ந்து மாறினால் பக்கத்தில் ஏதோ புதிதாக வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் சிலிக்கா ஜெல்லை மாற்றி, மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு தட்டுப்பட்டால் அன்றே மாற்றுங்கள்.